சிவபாதசுந்தரத்துக்குப் பிரியாவிடை

போர்க் காலத்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒருவர் புதுச் சூட்கேஸ் வாங்கினால் அவர் குடியிருக்கும் ஒழுங்கை முழுவதற்கும் அதன் அர்த்தம் ஒன்றுதான்: ஆள் வெளிநாடு போகிறார், இனித் திரும்பமாட்டார். சிவபாதசுந்தரம் சூட்கேஸ்கூட வாங்கவில்லை. பாவம், நாட்டுக்காக முகர்சிங் வாசிக்க ஒப்புக்கொண்டார்.

முகர்சிங் என்பது பல்லிடுக்கில் வைத்து விரலால் மீட்டுகிற, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரும்பு வாத்தியம். மருதானையில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த மனுசன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இன்னதென்று விளங்கவைக்க அங்கேயே வாயில் வைத்து வாசித்துக் காட்டவேண்டும். கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பின்னால் இருப்பவரை யார் கவனிக்கிறார்கள்? தனக்கென்று கைதட்டல் கிடைத்தது அந்தச் சாவடியில்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும், ஒரு பெரிய மேடையில் ஒருதரமாவது தனியாக வாசிக்கவேண்டும் என்ற ஆசை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

நோர்வேயில் நடக்கவிருந்த சர்வதேசப் பாடல் போட்டிக்கு நாட்டின் சார்பில் ஒரு பாட்டைத் தெரிவு செய்யக் கொழும்பில் குழு அமைத்தார்கள். கொட்டாஞ்சேனை இசையமைப்பாளர் ஹியூபேட் ஒரு சிங்களப் பாட்டோடு இறங்கினார். பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, முகர்சிங் மட்டும் ஒலிக்கும்; அதை வாசிக்கச் சிவபாதசுந்தரத்தைக் கூப்பிட்டிருந்தார். தெரிவு நாளன்று அந்த இடம் வந்ததும் தூங்கி வழிந்துகொண்டிருந்த நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஹியூபேட்டின் பாட்டே தெரிவானது.

நோர்வே! ஒழுங்கையில் பாதிப்பேரின் பிள்ளைகள் அங்கேதான். அவர்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லி மறுநாளே மிளகாய்த்தூள் வரத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பத்மாவதி, ஒஸ்லோவில் இருக்கும் மகன் சிவமணிக்கு பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

"நான் வாசிச்சுப்போட்டு அடுத்த கிழமையே வந்திடுவன் அக்கா."

"ஓம் ஓம், வெளியில அப்பிடித்தான் சொல்லவேணும் தம்பி," என்று பத்மாவதி கண்ணைச் சிமிட்டினார்.

மனைவி பாலேஸ்வரியும் அதே கட்சிதான். "உண்மையாத் திரும்பி வரப்போறீங்களே?"

"ஓமப்பா. எனக்கு அந்த மேடை மட்டும்தான் வேணும்."

"விசர் மனுசன்," என்று சோற்றுக் கோப்பையை ணங்கென்று வைத்தாள்.

அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒழுங்கையார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாவிடையும் வைத்துவிட்டார்கள். மாலை, கேக், கண்ணீர், ஒன்றும் குறையில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் குழுவின் செயலாளர் பௌஸி கையெழுத்து வாங்க வந்தார். கூட்டிக்கொண்டு போகிற அத்தனைபேரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது அவர் தலையில் விழுந்த பொறுப்பு. மாலையும் கழுத்துமாக நின்ற சிவபாதசுந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பத்மாவதி விம்மினார்.

"இனி எந்தக் காலம் காணப்போறமோ தம்பி! போனவுடனை இவளையும் பிள்ளையளையும் கெதியா அங்கை எடுத்துப்போடு!"

பௌஸிக்குத் தமிழ் தாய்மொழி. அதுதான் வினையாகப் போயிற்று.

"திரும்பி வருவீங்களா மிஸ்டர்?"

"சத்தியமா வருவன் சேர்."

பௌஸி மூலையில் குவிந்திருந்த மிளகாய்த்தூளைப் பார்த்தார். "இவ்வளவும் ஒரு கெழமைக்கா?"

ஆள் வேண்டாம், முகர்சிங் ஒலியை நாடாவில் பதிந்து எடுத்துப் போனால் போதும் என்று குழு தீர்மானித்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக் கண்ணாடி அறைக்குள் தனியாக இருந்து சிவபாதசுந்தரம் வாசித்தார். மனம் உடைந்துதான் போயிருந்தது. ஆனால் வாசிப்பில் ஒரு பிசகு இல்லை. ஒழுங்கையாருக்கோ வேறு கவலை. ஆள் போகாவிட்டால் சாமானும் போகவேண்டாமா? ஹியூபேட் இரக்கமுள்ள மனுசன், எல்லாவற்றையும் தன் பெட்டியில் வாங்கிக்கொண்டார்.

பாட்டுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பௌஸி தனியாகத் திரும்பி வந்தார். பாடகியும் கித்தார்காரரும் மேடையை விட்டு இறங்கிய கையோடு மாயமாகிவிட்டார்கள். மிளகாய்த்தூள் கொடுக்கப்போன ஹியூபேட் சிவமணி வீட்டிலேயே தங்கிவிட்டார். "ஒடியல் கூழும் குடிக்கிறாராம்," என்று பத்மாவதி பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

பௌஸி அந்த நாடாவோடு சிவபாதசுந்தரத்தின் வீட்டுக்கு வந்தார். தலையை நிமிர்த்தவே கூச்சப்பட்டார்.

"அந்த எடத்துக்குத்தான் சனம் கைதட்டிச்சு மிஸ்டர். வாசிக்கிற ஆள் எங்கண்டு மேடையில தேடினாங்க."

சிவபாதசுந்தரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோசம் முதலில் வந்தது, ஆத்திரம் அதற்குப் பின்னால் வந்தது, இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு நாடாவை இரண்டு கையாலும் வாங்கினார்.

பாலேஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டு நாடாவை ஒருதரம் பார்த்தாள், புருசனை ஒருதரம் பார்த்தாள்.

"நீங்கள் கூட்டிக்கொண்டு போனதுகளில சொன்ன சொல்லுக்குத் திரும்பி வந்தது இவரின்ர சத்தம் மட்டும்தான் சேர்," என்றாள்.