துளையில்லாத ஜோடி

ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் பெரும்பாலும் படம் பார்த்துச் சேர்ப்பார்கள். நாங்கள் இரண்டு பேர் அமெரிக்காவின் சுருள் ஸ்டாம்புகளைச் சேர்த்தோம். ஒரே படம்தான், ரிப்பன்போல நீளமாகச் சுற்றி வரும். சில ஸ்டாம்புக்கு ஒருமுறை படத்தின் அடியில் எறும்பளவு ஓர் எண் இருக்கும். அச்சடித்த தகட்டின் எண். அதைத் தேடுவதுதான் எங்கள் வேலை.

இன்னொருவர் ஒரு ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுதியவர். தல்லாகுளத்தில் வீடு. என்னைவிட மிகவும் மூத்தவர். நான் பரவை மார்க்கெட்டில் கமிஷன் கடையில் சம்பளத்துக்கு இருந்தேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. அவரிடம் மட்டும் வந்தது. இருவரும் லென்ஸில் பார்த்துக் குனிந்திருந்ததால் முகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து அவர் மகள் அனுப்பும் உறைகளைத் தண்ணீரில் ஊறவைத்து ஸ்டாம்பை உரிப்போம். எது இரண்டாக வந்தாலும் ஆளுக்கு ஒன்று என்பது வழக்கம்.

ஒருநாள் சேர்ந்தே உரிந்து வந்த இரண்டு ஸ்டாம்புகளுக்கு நடுவே, கிழிப்பதற்கான துளைகளே இல்லை. மிஷின் துளையிட மறந்திருந்தது. ஒன்றின் அடியில் எண்ணும் இருந்தது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி அவர்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ கேட்டார்.

"ஓட்டை இல்லாததுக்கா இம்புட்டுச் சந்தோசம்னு கேக்குறா" என்றார் அவர்.

இந்த வகைக்கு ஜோடியாக இருந்தால்தான் மதிப்பு. ஒற்றையாக இருந்தால், யாரோ துளைகளை நறுக்கிவிட்டார்கள் என்பார்கள். அதனால் அதை மட்டும் பிரிக்காமல் ஆளுக்கு ஒரு மாதமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம்.

அவர் மனைவி இறந்த பிறகு மகள் அவரை அமெரிக்காவுக்கே அழைத்துக்கொண்டாள். கிளம்புவதற்கு முந்தின நாள், 'ஜோடிய நீங்களே வச்சுக்கங்கண்ணே' என்று சொல்லத்தான் வில்லாபுரத்திலிருந்து சைக்கிளில் போனேன். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். உள்ளே எண் உள்ள ஸ்டாம்பு மட்டும் தனியாக இருந்தது.

"வெட்டிட்டீகளா?"

"பிளேடு வச்சு. நேராத்தான் வெட்டிருக்கேன், பாரு."

"இனி இது வெறும் ஸ்டாம்புண்ணே."

"தெரியும் மாப்ள. முழுசாக் குடுத்தா நீ வாங்க மாட்ட. நான் கொண்டுபோனா, எனக்கப்புறம் அங்கன யாரு பாக்கப்போறா? குப்பையில போட்டுருவாக."

"எனக்கப்புறம் மட்டும் யாரு பாக்கப்போறா?"

"அதுக்கென்ன செய்ய. நம்பர் உள்ளதை உனக்குத்தான் குடுத்திருக்கேன். வாங்கிக்க."

சொல்ல வந்ததைச் சொல்ல இடமே இல்லை. வாங்கிக்கொண்டேன். காபி போடட்டுமா என்று கேட்டார். பால் இல்லை என்று அவருக்கே பிறகுதான் நினைவு வந்தது.

அவர் இறந்த செய்தி சில வருடம் கழித்து வந்தது. அதற்கப்புறம் ஒரு கண்காட்சியில் ஸ்டாம்பு வியாபாரி ஒருவரிடம் அந்த உறையைக் காட்டினேன். திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோ நறுக்குனதுங்க. ஜோடி இருந்தாக் கொண்டாங்க."

அந்த ஆளிடம் எதை, எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? "சரிங்க" என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் அடுத்தவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.