ஆனையிறவுக்கு இஞ்சாலை ஒரு ஜெபக்கூட்டம்

எங்கள் கொலனியில் கோயில் மணி கிடையாது. பாலை மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. மூன்று தரம் தட்டினால் ஜெபக்கூட்டம். விடாமல் தட்டினால் யானை. பித்தளை மணியோசை கேட்டு, வேட்டி மடிப்புக் குலையாமல் கோயிலுக்குப் போகிற யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதிலுள்ள சங்கடம் விளங்காது. போன ஞாயிறு பின்னேரம், கூட்டம் நடத்துகிற சாமுவேல் அண்ணை உற்சாகம் மிகுந்து ஏழெட்டுத் தரம் தட்டிவிட்டார். பக்கத்துக் காணி முத்தையர் தகரமும் தடியுமாக ஓடி வந்தார். யானையைக் காணவில்லை, ஐந்து கிறிஸ்தவர்களைத்தான் கண்டார். "இவ்வளவு பேருக்கே இந்தச் சத்தம்?" என்று கேட்டவர், வந்தது வந்தோம் என்று தேத்தண்ணிக்கு இருந்துவிட்டார். முத்தையர் சைவ சமயத்தவர். ஆனாலும் எங்கள் கூட்டத்துக்கு அவரைவிட ஒழுங்காக வருகிறவர் யாருமில்லை.

யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் பிரிக்கிற ஆனையிறவைத் தாண்டி நான் இங்கே வந்து ஆறு வருடமாகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவன், கிளிநொச்சியில் அரசாங்கம் காணி கொடுக்கிறது என்றதும் மண்வெட்டி பிடிக்கத் தெரியாமலே மனுப் போட்டேன். காணி கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை வேலி அடைத்ததுதான். நெல் விதைக்கவில்லை, கிணறு வெட்டவில்லை. ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு வேலி. அடைத்து முடிகிறவரை முத்தையர் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பரம்பரை பரம்பரையாக வன்னி மண்ணில் வாழ்கிறவர்.

"ஆரை மறிக்கிறதுக்குத் தம்பி இது?" என்று கேட்டார். "ஆனைக்கு இது போதாது. மனிசருக்கு இது கூடிப்போச்சு."

இவருக்கு நாகரிகம் தெரியாது என்று நான் நினைத்தேன். எனக்கு விசர் பிடித்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். இன்றைக்கும் அவருக்கு நான் "யாழ்ப்பாணத்தார்". நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் மச்சான்மாருக்கு நான் "வன்னியான்". தேன்போத்தல் கொண்டு வந்தேனா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

எங்கள் ஜெபக்கூட்டம் ஸ்ரடி குறூப்பான கதைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து மிஷனில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, வாழ்க்கை மாற்றங்களையும் உறவுகளையும் பற்றி ஆறு பாடங்கள் எழுதி, தமிழாக்கி, சிறு சிறு குழுக்களாகப் படிக்கும்படி எல்லா இடத்துக்கும் அனுப்பியிருந்தார். எங்களுக்கும் ஒரு பிரதி வந்தது. அட்டையில் மேசை, பூச்சாடி, சுற்றிவரக் கதிரையில் சிரித்த முகங்கள். எங்களிடம் இருந்தது சாமுவேல் அண்ணையின் நெல்லுக் கொட்டிலும் நாலு சாக்கும். உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெறும்போது ஏற்படும் வெறுமையைப் பற்றி ஒரு பாடம். "வரம்பு கட்டுறவனுக்கு ஆர் தம்பி பென்சன் தாறது?" என்று சொல்லி சாமுவேல் அண்ணை அதைப் புரட்டிவிட்டார். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒரே கட்டளை: மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் குழுவுக்குச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்தவன் என்று அந்த வரியை என்னைத்தான் வாசிக்க விட்டார்கள். வாசித்தேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மனத்தில் உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லவா நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம்?

ஆனால் ஜெபம் தொடங்கட்டும், பிறகு பாருங்கள். கண்ணை மூடிவிட்டால் எங்கள் ஆட்கள் எதையும் சொல்வார்கள். ஆண்டவருக்குச் சொல்கிற சாட்டில் அடுத்த சாக்கில் இருப்பவருக்குச் சொல்வது எங்கள் வழக்கம். வேதத் தமிழில் தொடங்கி, விஷயத்துக்கு வந்ததும் வீட்டுத் தமிழுக்கு இறங்கிவிடுவார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் வாய் திறக்க முடியாது. ஜெபத்தில் குறுக்கே பேசலாமா? வாய்க்கால் தண்ணீரை முறை மாறித் திருப்பினது யார், இரவல் வாங்கின கோடரியைத் திருப்பிக் கொடுக்காதது யார், எல்லாம் எங்கள் ஆண்டவருக்கு இப்படித்தான் தெரியவரும்.

என் விஷயமும் அப்படித்தான் அரங்கேறியது. என் மனைவி கிறேஸ் தாய்வீட்டில் இருந்தாள். காட்டுக்கு வரமாட்டேன் என்று மாமனார் வாயால் சொல்வித்தாள். குடும்பமாகக் குடியிருக்காவிட்டால் காணிப் பெர்மிற் பறிபோகும் என்று காணிக் கந்தோர் அதிகாரிகள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று வருடம் நான் தனியே உலை வைத்தேன். இதைப் பற்றி நான் ஒருவருக்கும் மூச்சு விட்டதில்லை. சாமுவேல் அண்ணையின் மனைவி றாகேலக்கா வாராவாரம் கண்ணை மூடிக்கொண்டு ஊருக்கே அறிவித்தார்.

நான் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டேன். கடைசியில் ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்று றங்குப்பெட்டியோடு கிறேஸ் ஸ்ரேசனில் கோச்சியால் வந்து இறங்கினாள். அந்த ஞாயிறு சாமுவேல் அண்ணை வேண்டுமென்றே கலியாணப் பாடத்தை எடுத்தார். தாய் தகப்பனை விட்டுப் பிரிவதைப் பற்றி நான் தலை நிமிராமல் வாசித்து முடித்தேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு கண்ணை மூடினோம்.

"இரக்கமுள்ள பிதாவே," என்று றாகேலக்கா தொடங்கினார். "இந்தக் கூட்டத்திலை ஒரு பிள்ளை, பெண்சாதி குத்துக்கல்லாட்டம் இருக்க, தானே உலைவைச்சுத் தின்னுது. அந்தப் பெண்சாதியின்ரை மனசை இளக்கியருளும்."

ஆமென் சொல்ல வாயெடுத்தோம். அதற்குள் என் பக்கத்துச் சாக்கிலிருந்து குரல் வந்தது.

"கிருபையுள்ள ஆண்டவரே, இவர் எனக்குப் பதினொரு கடிதம் எழுதினவர். பெர்மிற்றுக்கு ஆள் வேணும், கந்தோரிலையிருந்து பாக்க வருவினம், வா எண்டு எழுதினவர். நீ இல்லாமல் எனக்கு ஏலாது எண்டு ஒரு கடிதத்திலையும் எழுதேல்லை. காணிக்குத்தான் நான் வேணுமெண்டால் கந்தோரே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும்."

ஜெபத்துக்கு ஜெபத்தால் பதில் சொல்லலாம் என்று எங்களில் யாருக்கும் அதுவரை தோன்றியதில்லை. முத்தையர் செருமினது கேட்டது. இனி என் முறை என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, இவ சொன்னது சரி. எனக்கு அந்த வீட்டிலை தனியா இருக்கப் பயம். அதை எழுத வெக்கமாக் கிடந்தது. இவ நிண்டால் நானும் நிக்கிறன். இவ போனால் காணியை விட்டிட்டு நானும் போறன். ஆமென்."

ஆமெனுக்கு முன்பே எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள் என்று முத்தையர் பிறகு சொன்னார். கிறேஸ் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வாரம் முடிந்து கோச்சி அவள் இல்லாமலே போனது. அன்று காலை கிழக்கு வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்தாள், விறகு ஈரமாம். றங்குப்பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாளே தவிர, பாதி உடுப்பு இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. குழுவினர் மனந்திறந்து பேசினார்கள் என்று சாமுவேல் அண்ணை மிஷனுக்கு எழுதினார். பெருமகிழ்ச்சி என்று வெள்ளைக்கார அம்மா பதில் போட்டார். கண் மூடியிருந்ததை நாங்கள் எழுதவில்லை.

வேறு புத்தகம் வராதபடியால் அதே ஆறு பாடத்தை இப்போது மூன்றாம் தரம் படிக்கிறோம். யானை வராத போன ஞாயிறு, பாடம் முடிந்து மழைக்கு ஜெபித்தோம். சிறுபோக நெல் விதைத்தாயிற்று; குளத்துத் தண்ணீர் அடியில் கிடக்கிறது. முந்தினநாள்தான் மாமனாரின் கடிதம் வந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் அவர் புகையிலை வெட்டிக் காயப் போட்டிருக்கிறார். ஒரு மழை விழுந்தால் அவருடைய வருடம் முழுக்க வீண்.

கிறேஸ் ஜெபித்தாள். "ஆண்டவரே, மழையைத் தாரும். ஆனையிறவுக்கு இஞ்சாலை, எங்கடை பக்கம் மட்டும் தாரும். அங்காலை அப்பா புகையிலை காயப்போட்டிருக்கிறார்."

முத்தையர் வாய்விட்டுச் சிரித்தார். நான் எல்லோரிலும் உரக்க ஆமென் சொன்னேன்.

வெளியே வந்தபோது வடக்கே, ஆனையிறவுப் பக்கம், வானம் கறுத்திருந்தது. நானும் கிறேசும் வரம்பில் நின்று பார்த்தோம். அந்த மேகம் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. இருவருக்கும் கண் திறந்திருந்தது.