ஹந்தானையில் தைத்த பாய்

இதைப் பொய் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் சொன்னவள் ராஜகுமாரி. கண்டியில் துணி தைத்துப் பிழைக்கிறவள். கை ஓரிடத்தில் கோணிப்போனால் வாடிக்கைக்காரர் கண்டுபிடிக்கும் முன்பே தானாகச் சொல்லிவிடுகிற ரகம். அவள் இன்றுவரை சணல் சாக்கைத் தொடமாட்டாள். அரிசிக் கடையில் மூட்டைகளுக்கு எட்டத்தான் நிற்பாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை.

1984ஆம் வருடம். முந்தின வருடக் கலவரத்தில் அவள் கணவன் சேதுராமனின் பலசரக்குக் கடை எரிந்து சாம்பலாகியிருந்தது. மனுஷனுக்குக் கண்டியே கசந்துவிட்டது. நாட்டை விட்டே போக நினைத்தான். விமானத்துக்கு வழியில்லை. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பாய் கட்டிய வள்ளத்தில் மாலைதீவு, அங்கிருந்து இன்னும் தெற்கே, குளிரே இல்லாத தீவுகளுக்கு. கண்டி வாவியில் ஒரு தடவை படகேறியதைத் தவிர தண்ணீரோடு அவனுக்கு ஒரு பழக்கமும் கிடையாது.

"எஞ்சின் வேணாம், எண்ணெ வேணாம். காத்து சும்மாதானே அடிக்குது?" என்பான்.

"ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"வள்ளத்துல போறவனுக்கு நீச்சல் எதுக்கு, குமாரி?"

அவள் சிரித்துவிடுவாள். பிறகு நடு இரவில் எழுந்து, அவன் பக்கத்தில் இருக்கிறானா என்று தடவிப் பார்ப்பாள். அவனை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

பக்கத்துக் கடை மஹ்ரூப், கற்பிட்டிக் கடற்கரையில் தன் மச்சானின் பழைய வள்ளத்தைச் சல்லிசாகப் பேசி முடித்துக் கொடுத்தான். அதில் பாய் இல்லை. புதிதாகத் துணி வாங்கினால் வள்ளத்தின் விலையே வந்துவிடும். அந்த நேரம் பார்த்து வந்தான் வீரையா. கண்டியை ஒட்டிய ஹந்தானை மலையில் மூடிக்கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த காவல்காரன். தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். மேல்மாடியில் கொழுந்து வாட்ட விரிக்கிற சணல் துணி அப்படியே கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

"சாக்குல காத்து நிக்குமா?" என்று மஹ்ரூப் கேலி செய்தான்.

"மெழுகு பூசினா நிக்கும்" என்றான் சேதுராமன்.

அந்த மேல்மாடியிலேயே துணியை விரித்துத் தைத்தார்கள். அத்தனை பெரிய இடம் வேறெங்கே கிடைக்கும்? முதல் நாள் அவள் கவனித்தது ஒன்றுதான். துணி காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஆனால் அதில் ஈரமண் வாடை வீசியது.

இரண்டாம் நாள் காலையில் துணி நனைந்திருந்தது. கூரையில் ஓட்டை இல்லை. மழையும் இல்லை.

"பனியா இருக்கும்" என்றான் சேதுராமன்.

மூன்றாம் நாள் பிற்பகல். மெழுகு வாங்க அவன் டவுனுக்கு இறங்கிவிட்டான். அவள் தனியே சாக்கு ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். நாலு மணி இருக்கும். ஜன்னல்களை மூடிக்கொண்டு மூடுபனி இறங்கியது.

துணியின் அந்தக் கோடியில் ஒரு மேடு.

எலி என்று நினைத்தாள். எழுந்துபோய்க் காலால் அழுத்தினாள். தட்டையாகிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

மேடு மறுபடி இருந்தது. இப்போது நீளமாக... ஒரு ஆள் நீளத்துக்கு.

பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று.

சர்ர்... சர்ர்...

துணிக்கு அடியில் நகங்கள் பலகையைச் சுரண்டின.

அவள் மடியிலிருந்த துணி மெதுவாக இழுபட்டது.

உள்ளேயிருந்து.

ஊசியைப் போட்டுவிட்டு ஓடினாள். படியில் விழுந்து முழங்கால் தோல் உரிந்தது. ரோட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டாள்.

அன்றிரவு அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்தப் பாய் வேணாங்க. கொளுத்திருவோம். நான் சட்டை தச்சு சம்பாதிச்சு வேற துணி வாங்கித் தாரேன்."

"அதுக்குள்ள காத்து மாறிப்போயிரும்" என்றான் அவன். "நீ பயந்தாங்கொள்ளி. நான் முன்னால போறேன். எடம் பாத்துட்டு ஒன்னைக் கூப்பிடுறேன்."

மிச்சத்தை அவனே தைத்து, சுருட்டி, ஒற்றை ஆளாய்த் தோளில் சுமந்துபோய் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் போனான். மூன்று கிழமைக்குப் பிறகு மஹ்ரூப் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி... வள்ளம் மட்டும் கெடச்சிருக்கு. கவுந்து கெடந்திச்சாம். அதுல ஆளும் இல்ல, பாயும் இல்ல."

நாலாம் நாள் வீரையா வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா, அண்ணன் அந்தத் துணியத் திருப்பிக் கொண்டாந்து போட்டாரா?"

"என்ன சொல்றீங்க?"

"மேல் மாடியில விரிச்சுக் கெடக்கும்மா. ரூமுக்குப் பூட்டு போட்டது போட்டபடி இருக்கு."

அவள் அவனோடு கிளம்பினாள். ஸ்டோருக்குப் போகிற வழியில், பழைய தொழிலாளி சின்னமுத்துவிடம் தான் கேட்டறிந்ததை அவன் சொன்னான். பல வருடங்களுக்கு முன் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த ஒரு லயம் மூடிப்போனது. தோண்டியெடுத்த உடல்களை ஸ்டோரில் இருந்த சணல் துணியில் சுற்றித்தான் மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். பிணத்தில் பட்ட துணியை மயானத்தோடு விட்டுவிட வேண்டும், திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அந்த ஊர் வழக்கம் அது. அப்போதிருந்த தோட்டத்துத் துரை கேட்கவில்லை. ஸ்டோர் சாமான் என்று திருப்பி வாங்கி, அலசி, மறுபடி மேல்மாடியில் விரிக்கச் சொன்னார். கொழுந்து கொட்டப் போன பெண்கள் அலறிக்கொண்டு இறங்கிவிட்டார்களாம்.

பூட்டைத் திறந்தார்கள். விரிந்து கிடந்தது அவள் தைத்த பாய்தான். தன் தையல் அவளுக்குத் தெரியாதா? அவன் தைத்த கோணல் மாணல் தையலும் இருந்தது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு மேடு.

மண் வாடை இல்லை. வீரையா ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்புக் கரிக்குதும்மா..."

கண்டியிலிருந்து கற்பிட்டிக் கடலுக்கு ஒரு பகல் பயணம்.

அதைத் தூக்கிப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ராஜகுமாரியே சொல்லிவிட்டாள், அப்படியே சுருட்டிப் புதைத்துவிடலாம் என்று. சேதுராமனுக்கு நடந்த கருமாதி அதுதான். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு மயானத்துக்கு எடுத்துப் போனார்கள்.

தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்துத் தோள் மாற்றினார்கள்.