வீரம்மாவின் பூட்டுப் பெட்டி

மாரியம்மன் முன்னால் எரிந்துகொண்டிருந்த சூடத்தை, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் சன்னாசி மண்டோர் உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

"ஆத்தா மேல சத்தியமா ஒனக்குக் கடுதாசி எதுவும் வரல, வீரம்மா."

அந்தச் சத்தியத்தை வீரம்மா நம்பிவிட்டாள். அவள் பெயருக்கு வந்த கோர்ட்டுக் கடுதாசி அந்நேரம் தோட்ட ஆபீஸ் கணக்கரான கிராணியின் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஆத்தா வாய் திறக்கவில்லை.

1974. செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். கூலி உயர்த்தச் சொல்லி, ஆட்கள் கூடும் காலைப் பெரட்டில் எல்லார் முன்னாலும் பேசினான் வீரம்மாவின் புருஷன் பத்துமலை. மறுநாள் சன்னாசியும் அவன் ஆட்களும் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பால் பத்துமலையின் மண்டையைப் பிளந்து பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கண்ணால் பார்த்தவள் வீரம்மா ஒருத்திதான். மரண விசாரணைக்கு அவள் வரவில்லை என்று தேதி தள்ளிப்போனது, அவளே ஈப்போ கோர்ட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது. புதுத் தேதி கடுதாசியில் வரும், அன்றும் வராவிட்டால் கேஸை மூடிவிடுவோம் என்றார்கள்.

தோட்டத்துக்கு வரும் கடுதாசியெல்லாம் ஒரே பையில் ஆபீசுக்குத்தான் போகும். பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடித்ததும் கிராணி பேர் சொல்லி மண்ணில் வீசுவார். குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். அவருக்குப் பிடிக்காதவர்களுக்குக் குனியும் வேலைகூட இல்லை.

வீரம்மா டவுன் தபாலாபீசில் ஒரு பூட்டுப் பெட்டியை வாடகைக்கு எடுத்தாள். இனி அந்த நம்பருக்கே அனுப்பும்படி கோர்ட்டில் சொல்லிவிட்டு வந்தாள். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு மங்களம் பதறினாள். "தாலி அறுத்த கழுத்துல என்னத்தடி மாட்டியிருக்க? ஆகாதுடி."

"தாலி கெடந்தப்ப என்னக்கா கிழிச்சுச்சு? மண்டைய ஒடைக்கிறப்ப தடுத்துச்சா? இது கடுதாசியாச்சும் குடுக்கும்லா."

மங்களம் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப வெளியூர்ல இருக்குற எம்மவனையும் அந்த நம்பருக்கே எழுதச் சொல்லவா?"

அப்படித்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான மூன்று லயமும் விலாசத்தை மாற்றிக்கொண்டது. லயத்துக்கொரு பிஸ்கட் டின் வைத்து வீரம்மா கடுதாசிகளைப் பிரித்துப் போட்டாள். கோர்ட்டுக் கடுதாசிக்கென்று ஒரு தனி டின். அது மட்டும் காலியாகவே இருந்தது.

வேலை நெருக்கடியில் இரண்டு வாரம் வீரம்மா டவுனுக்குப் போகவில்லை. தபாலாபீசில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கௌரி ஆளனுப்பியிருந்தாள்: "பெட்டி நிரம்பிட்டுது, இனி ஒண்டும் போகாது. சனிக்கிழமைக்குள்ள வந்து எடுக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி எல்லாம் அனுப்பினவைக்கே திரும்பிப் போயிடும்."

செய்தி சன்னாசி காதுக்கும் போயிற்று.

சனிக்கிழமை காலை. வீரம்மா ரப்பர் மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் சருகு நொறுங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை அறுத்து, எதிரே மரத்தில் பால் நிரம்பி நின்ற மங்குக் கிண்ணத்துக்குள் சாவியை விட்டாள். வெள்ளைப் பால் அதை விழுங்கிக்கொண்டது.

"சாவிய எடு," என்றான் சன்னாசி. கூட இரண்டு பேர்.

"எந்தச் சாவி, மண்டோரே? ஆத்தா மேல சத்தியமா எங்கிட்ட இல்ல."

அவன் முகம் கறுத்தது. காண்டாக் கம்பு இறங்கியது. வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ரவிக்கையைக் கிழித்துத் தேடினார்கள், கூந்தலைப் பிடித்து மரத்தில் மோதினார்கள், வயிற்றில் மிதித்தார்கள். ஒரு பல் தெறித்து விழுந்தது. அவள் கத்தவில்லை, மங்கு இருந்த பக்கம் பார்க்கவுமில்லை. "செத்துட்டா போல, வாங்கடா," என்று யாரோ சொன்னது கடைசியாகக் காதில் விழுந்தது.

கண் திறந்தபோது வெயில் ஏறியிருந்தது. வாயிலும் மூக்கிலும் எறும்பு. தவழ்ந்து போய் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். பால் தயிராய் உறைந்து கட்டிப்பாலாகத் தொடங்கியிருந்தது. வெட்டுக் கத்தியை இடது கையில் பிடித்து அதைப் பிளந்தாள். சாவி உள்ளே இருந்தது.

தபாலாபீசை அடைக்கும் நேரத்தில் ரத்தமும் பாலும் காய்ந்த கையோடு உள்ளே வந்து நின்றவளைக் கண்டு கௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டி திறந்ததும் கடுதாசிகள் சரிந்து காலடியில் கொட்டின. அடியில் மடங்கிப்போய், அரசாங்க முத்திரையோடு அதுவும் கிடந்தது. விசாரணை திங்கட்கிழமை. கௌரியே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட வைத்தாள்.

திங்கள் விடியலில் சன்னாசி பெரட்டில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தான். கட்டுப் போட்ட கையோடு வீரம்மா வந்தாள். கோர்ட்டுக் கடுதாசியைப் பல்லில் கடித்திருந்தாள். மற்றவற்றை இடது கையால் எடுத்து, ஒவ்வொருவரிடமாகப் போய்க் கையிலேயே கொடுத்தாள். யாரும் குனியவில்லை.

சன்னாசி எண்ணுவதை விட்டான். "வாயில என்ன அது?"

கடுதாசியைப் பல்லிலிருந்து எடுத்தாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"ஒனக்கும் சேத்துத்தான் வந்திருக்கு, மண்டோரே. வா. கோர்ட்டுல அணைக்கிறதுக்குச் சூடம் வெக்க மாட்டாங்க."

அவள் ஈப்போ பஸ்ஸுக்கு நடந்தாள். முதலில் மங்களம் பால் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு மூன்று லயமும் அவள் பின்னால் போயிற்று.