பறந்து போகாத வண்ணம்

மழைக்காலத்தில் ஈரச் சுவரில் அடித்த டிஸ்டெம்பருக்கு ஒரு புளித்த வாசனை உண்டு. ஆஸ்டின் டவுனில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், அப்பாவின் சட்டையிலிருந்து அந்த வாசனை வீசிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஓர் ஆங்கிலச் சொற்றொடர் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

அப்பா பெயிண்டர். நான் ஆறாம் வகுப்பு படித்த பள்ளிக்கு அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று, விடாத தூறலுக்கு நடுவே, பத்தே நாளில் அத்தனை சுவர்களுக்கும் வண்ணம் அடித்துக் கொடுத்திருந்தார். அதிகாரிகள் வந்துபோன மறுநாள் மாலை, தலைமையாசிரியை என்னிடம் கொடுத்தனுப்பிய ஆங்கிலக் கடிதத்தை நான்தான் வீட்டில் படித்துச் சொன்னேன். எனக்குப் புரிந்தவை சில சொற்களே: மழை, உங்கள் வேலை, "ஃப்ளையிங் கலர்ஸ்", காலையில் வந்து பாருங்கள்.

"கலர் பறக்குதாம்ப்பா."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "உரிஞ்சிடுச்சா?"

"ஈரம் காயட்டும்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்றார் அம்மா.

"காய எங்க விட்டாங்க?" என்றார் அப்பா. ஓரிடத்தில் பெயர் கெட்டால் மேஸ்திரி அடுத்த வேலைக்குக் கூப்பிடமாட்டார். எனக்கோ, தோழிகள் பார்க்க அப்பா திட்டு வாங்கப்போகிறாரே என்ற பயம்.

காலையில் உப்புத்தாளையும் பிரஷையும் பையில் போட்டுக்கொண்டு, முதல் மணி அடிக்கும் முன்பே அப்பா என்னோடு வந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரமா என்று வியந்து, "ஏன் குரு, இஷ்டு பேகா?" எனக் கன்னடத்தில் கேட்ட காவல்காரரைத் தாண்டி, வராந்தாச் சுவர்களை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். ஒரு செதில்கூட உதிரவில்லை.

"எங்கயும் பறக்கலையே பாப்பா?"

கையில் பிரஷோடு நின்ற அவரைக் கண்டு விசாரித்த தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஐயோ, பயந்துட்டீங்களா? கலர்ஸ்னா இங்க பெயிண்ட் இல்லீங்க, கொடி." அந்தக் காலத்தில் போருக்குப் போன கப்பல் ஜெயித்தால் கொடிகளைப் பறக்கவிட்டபடியே துறைமுகத்துக்குத் திரும்புமாம், தோற்றால் இறக்கிவிட வேண்டுமாம். அதிலிருந்து வந்த பேச்சு என்பதால், அப்பாவின் வேலை பிரமாதமாகத் தேறிவிட்டது என்றுதான் பொருளாம். வரச் சொன்னது, நூலக அறைக்கும் அவரே வண்ணம் அடிக்க வேண்டும் என்பதற்காக.

அப்பா மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. "அப்போ நாம கொடிய இறக்கலைங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு, தானே முதலில் சிரித்தார். வெளியே வந்ததும் என் தலையில் குட்டக் கை ஓங்கியவர், தடவிக் கொடுத்தார்.

அவர் நூலக அறையில் வேலை செய்த நாட்களில், அங்கிருந்த தடித்த அகராதியை நான் புரட்டத் தொடங்கினேன். சுயரூபத்தைக் காட்டுவதை "ட்ரூ கலர்ஸ்" என்பதும் கப்பல் கொடியிலிருந்து வந்ததுதான்: எதிரியை நெருங்கும்வரை பொய்க்கொடி பறக்கவிட்டு, கடைசி நிமிடத்தில் சொந்தக் கொடியை ஏற்றுவார்களாம். ஓடிப்போய் அதை அப்பாவிடம் சொன்னேன். "பலே ஆளுங்கதான்," என்றார், பிரஷை நிறுத்தாமல்.

அந்த வீடு இன்று இல்லை; அங்கே அடுக்குமாடி எழுந்துவிட்டது. நான் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். அப்பா என்னோடு ஜீவனஹள்ளியில் இருக்கிறார். ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே பிரிக்கிறார், புரியாததைக் கைப்பேசியில் தேடிக்கொள்கிறார். ஆங்கிலக் கடிதம் என்றாலே கெட்ட செய்தி என்று நடுங்கிய நாட்கள் போயே போய்விட்டன. இளமைக்காலம் திரும்பாதா என்று ஏங்குகிறவள்தான் நானும். அந்த நடுக்கம் மட்டும் திரும்பவே வேண்டாம்.