ஸ்டெல்லா மிஸ்ஸின் கார் எங்கும் மோதவில்லை

ஸ்டெல்லா மிஸ் நேற்றுப் பின்னேரம் இறந்துவிட்டார். மாரடைப்பு. விபத்து அல்ல... தயவுசெய்து அப்படி எழுதுவதை நிறுத்துங்கள்.

நான் இங்கே சொந்த விஷயம் எழுதுவதில்லை. ஆனால் காலையிலிருந்து எங்கள் பாடசாலை வாட்ஸ்அப் குரூப்பில், "வீட்டிலேயே வீல் அலைன்மென்ட் பார்த்தாங்க, கார் ஒரு பக்கம் இழுத்திருக்கும்" என்று ஒருவர் எழுத, "சொன்னா கேட்டாத்தானே" என்று மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுகிறார்கள்.

சொன்னீர்களா? என்ன சொன்னீர்கள்? சிரித்தீர்கள்... அவ்வளவுதான்.

மிஸ் எங்கள் பாடசாலையில் எங்களோடு கணிதம் படிப்பித்தவர். அம்பிட்டியவிலிருந்து குண்டசாலைக்கு அவருடைய பழைய காரில்தான் நானும் வேலைக்குப் போய்வந்தேன்.

முன் டயர்கள் உள்பக்கமாகத் தேய்ந்துகொண்டே இருந்தன. பிலிமத்தலாவையில் ஒரு கராஜுக்குப் போனோம்.

"வீட்டு சேர் வரலையா மிஸ்? அவரோட பேசுனா லேசு" என்றார் கராஜ்காரர்.

"சேர் இல்ல. கார் இருக்கு. அத பாருங்க."

பார்த்தார்களாம். அதற்குப் பிறகு போட்ட புது டயரும் அதே மாதிரித் தேய்ந்தது.

அதன் பிறகுதான் மிஸ் தானே அளவு நாடாவை எடுத்தார். முன் டயர்கள் இரண்டுக்கும் நடுவில் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளப்பார்; இரண்டும் ஒத்துவந்தால்தான் சக்கரங்கள் நேராக நிற்கும். மறு நுனியைப் பிடிப்பது நான்.

முதல் தடவை வீட்டு முற்றத்தில். அம்பிட்டிய முற்றம்... பந்து வைத்தால் நிற்காது. சரிவில் ஸ்டியரிங் கொஞ்சம் திரும்பியிருந்ததைக் கவனிக்காமல் நட்டுகளை எல்லாம் முடுக்கிவிட்டோம். மறுநாள் ஸ்டியரிங்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கார் நேராகப் போனது.

"கார் நேரா போகுது புள்ள, நான்தான் கோணலா இருக்கேன்" என்று குண்டசாலை வரை சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை ஃபாதரிடம் கேட்டுவிட்டுக் கோயில் முற்றத்துக்குப் போனோம். பங்குச் சபை அண்ணன் ஒருவர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கோயில் முத்தம் என்ன கராஜா மிஸ்?"

"அம்பிட்டியவில வேற சமதரை ஒன்னு காட்டுங்கண்ணே. இப்பவே தள்ளிக்கிட்டு போறேன்."

அவர் காட்டவில்லை. மிஸ் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரொட் கம்பியைக் கொஞ்சம் திருப்பி, காரை முன்னும் பின்னும் உருட்டி, மறுபடி அளந்து... வெயில் ஏறும்வரை.

அதற்குப் பிறகு போட்ட டயர்கள் ஒரே சீராகத் தேய்ந்திருக்கின்றன. கார் மிஸ் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. குனிந்து பாருங்கள்.

நேற்று வேலை முடிந்து வரும்போதும் காரில் நான் அவர் பக்கத்தில் இருந்தேன். குரூப்பில் எழுதிய ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

வளைவு தாண்டியதும் நெஞ்சைப் பிடித்தார். சிக்னல் போட்டார். இடது பக்கம், மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரமாக ஒதுக்கினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பின்னால் வந்த பஸ் ஹார்ன்கூட அடிக்காமல் எங்களைத் தாண்டிப் போனது.

"மெதுவா இறங்கு புள்ள... அந்தப் பக்கம் கான் இருக்கு."

அதற்குப் பிறகு பேசவில்லை.

எழுதியதை அழித்துவிட்டு மரண வீட்டுக்கு வாருங்கள். அழிக்காதவர்கள் வர வேண்டாம்.

இளைப்பாறுங்க மிஸ்.