உமிச்சாம்பல் கோட்டில் ஒரு கோல்

ரெஃப்ரி வேலையில் ஒரு விசேஷம் உண்டு: ஜெயித்தவன் தன் காலால் ஜெயிக்கிறான், தோற்றவன் என் விசிலால் தோற்கிறான்.

பஸ்ஸை நேரத்துக்கு எடுத்ததற்காகத் திட்டு வாங்கிய கண்டக்டரே, மீட்டரில் இருந்ததை அப்படியே எழுதியதற்காகத் திட்டு வாங்கிய மின்வாரிய ஊழியரே, வரிசையில் நிற்கச் சொன்னதற்காகத் திட்டு வாங்கிய ரேஷன் கடைக்காரரே, எல்லாரும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது.

எனக்குச் சோறு போடுவது விசில் இல்லை. தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகும் சாலையில் ஒரு ரைஸ்மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிறேன். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை. இருபத்திரண்டு வருஷமாக இதே ஷிப்ட். கல்யாணம் ஆகவில்லை. பகலில் தூக்கமும் சரியாக வராது. படுத்துப் புரண்டு, நாலு மணிக்கு எழுந்து எங்கேயாவது போக வேண்டும் போலிருக்கும். அப்படிப் போன இடம்தான் மைதானம்.

சாம்பல் வந்த கதை

எங்கள் ஊரில் மைதானம் என்று தனியாக ஒன்று கிடையாது. சம்பா அறுவடை முடிந்ததும் ஊருக்கு மேற்கே இருக்கிற ஒரு வயலில் அறுத்த நெல் தாளை மிதித்துச் சமமாக்கிக் கோல் போஸ்ட் நட்டுவிடுவோம். சவுக்குக் கழிதான் போஸ்ட், மேலே குறுக்கே கட்டுகிற பாரும் அதுதான். நெட் கிடையாது. மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஃபுட்பால் ஆட்டம். பங்குனிக் கடைசியில் கோப்பை.

கோடு போட முதல் வருஷம் சுண்ணாம்பு வாங்கிப் போனோம். வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் நின்று கையை விரித்துத் தடுத்துவிட்டார். அடுத்த போகத்தில் நாற்றுப் பிடிக்காதாம். மில்லில் மலை மாதிரி உமிச்சாம்பல் கிடந்தது. நாலு சாக்கில் கட்டிச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் கோடு போட்டேன். வெளிறிய வயலில் கன்னங்கரேலென்று கோடு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வயல்காரர் குனிந்து சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயலுக்கு நல்லதுதான் தம்பி. நடுவுல இன்னும் ஒரு பத்துக் கோடு சேத்துப் போடேன்."

புத்தகத்தில் வரப்பு இல்லை

விதிகளை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. தஞ்சாவூரில் பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாத ஒரு இங்கிலீஷ் விதிப் புத்தகம் கிடைத்தது. கூடவே ஒரு அகராதியும் வாங்கினேன். பாய்லர் வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு அரைப் பக்கம். முழுதாகப் படித்து முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் கோல். பந்து கோட்டைத் தொட்டிருந்தால் போதாது. பாதி தாண்டினாலும் போதாது. எவ்வளவு தெளிவு பாருங்கள்! மனுஷர் விவகாரம் எதிலும் இந்தத் தெளிவை நான் கண்டதில்லை.

ஆனால் எங்கள் மைதானத்தில் ஒரு பக்கக் கோடு என்பது வரப்பு. பந்து வரப்பில் ஏறும், கொஞ்சம் யோசிக்கும், திரும்ப உருண்டு வயலுக்குள் வந்துவிடும். அது வெளியே போனதா, உள்ளேயா? ஒரு தடவை நான் 'உள்ளே' என்று ஆட்டத்தைத் தொடரச் சொன்னதும், டிராக்டர் பானெட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் குதித்து இறங்கி வந்தார். "புத்தகத்துல வரப்பு இருக்கா சார்? இல்லல்ல? அப்ப வரப்புக்கு நாங்க சொல்றதுதான் சட்டம்."

கடைசி நிமிஷம்

செல்வத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதே மில்லில் மூட்டை தூக்குகிறவன். என் வயசு. எங்கள் ஊர் டீமுக்கு இருபது வருஷமாகக் கீப்பர். என் ஷிப்ட் முடிகிற ஆறு மணிக்கு அவன் ஷிப்ட் தொடங்கும். அவன் மனைவி போட்டுத் தரும் டீ ஒரு ஃப்ளாஸ்க்கில் வரும். மில் கேட்டில் நின்று ஆளுக்கு ஒரு டம்ளர் குடிப்போம். எனக்கு அது நாளின் கடைசி டீ, அவனுக்கு முதல் டீ. பத்து நிமிஷம்தான். ஆனால் ஒரு நாளில் நான் ஒரு மனுஷனோடு மனசு விட்டுப் பேசுகிற மொத்த நேரமும் அந்தப் பத்து நிமிஷம்தான்.

போன வருஷக் கோப்பைக்கான கடைசி ஆட்டம், வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து வந்த கடலோர டீமுடன். மூன்று தடவை ஃபைனல் வரை வந்து தோற்ற ஊர் எங்களுடையது. செல்வத்துக்கு அது கடைசி மேட்ச். முழங்கால் போய்விட்டது. ஆளுக்கு ஒரு கோல் என்று நிற்கும்போது, முடிய ஒரு நிமிஷம் இருக்கையில் அவர்கள் ஆள் தூரத்திலிருந்து ஒரு அடி அடித்தான். நான் பந்தோடு ஓடினேன். அறுவடை மெஷின் சக்கரம் பதிந்த பள்ளத்தில் கால் இடறிக் குப்புற விழுந்தேன். 'டொக்' என்று பாரில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் செல்வம் பந்தின் மேல் படுத்திருக்கிறான். அந்தப் பக்கம் கொடி பிடிக்க வேண்டியவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தார். செல்வம் எழுந்து பந்தைத் தூக்கினான். பந்தில் கறுப்பாகச் சாம்பல். ஊரே என் வாயைப் பார்க்கிறது. நான் கோலுக்கு விசில் அடித்துவிட்டேன்.

சாம்பல் எதற்குச் சாட்சி? பந்து கோட்டைத் தொட்டது என்பதற்கு. தாண்டியது என்பதற்கு இல்லை. அகராதி வைத்துப் படித்த எனக்கு இது தெரியாதா? அதுவும் காலையில் நாலு விரல் அகலம் போட்ட கோடு, கீப்பர்கள் காலால் தேய்த்து, கடல் காற்றும் அடித்து, அந்நேரத்துக்கு ஒரு முழம் அகலத்துக்குப் பரவிக் கிடந்தது. இருபது பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சட்டையைப் பிடித்தவன் செல்வத்தின் மச்சான், எங்கள் டீமில் கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக். செல்வம் அவன் கையை எடுத்துவிட்டு என் முகத்துக்கு நேரே கேட்டான், "மாப்ள, நீ பார்த்தியா?" பார்த்தேன் என்றேன். அவன் கையுறையைக் கழற்றிக் கோட்டின் மேல் போட்டான். "அவன் பார்த்திருக்கான். விடுங்கடா, ஆட்டம் முடிஞ்சுது."

குறுக்கே வந்த கை

டிராக்டர் டிரைவர் அந்தக் கடைசி நிமிஷத்தைப் போனில் எடுத்திருந்தார். ஊரில் அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் இல்லை. பந்து பாரில் படும், கீழே இறங்கும், தரையைத் தொடப் போகும்... சரியாக அந்த நேரத்தில் குறுக்கே ஒரு கை உயரும். கை இறங்கும்போது செல்வம் பந்தின் மேல் இருப்பான். கோலா இல்லையா என்ற விவாதம் ஒரு வாரம் நடந்தது. அது யார் கை என்ற விவாதம் ஒரு மாதம் நடந்தது. கையில் சிவப்புக் கயிறு இருந்ததால், கயிறு கட்டியிருந்த ஏழெட்டுப் பேர் அவிழ்த்துப் போட்டுவிட்டுத் திரிந்தார்கள்.

முடிவெட்டப் போன இடத்திலும் இதே பேச்சுத்தான். நுரை தடவித் தாடைக்குக் கீழே கத்தியை வைத்துவிட்டுச் சலூன்காரர் பேச்சை ஆரம்பித்தார். கண்ணாடியில் பார்த்தால் பெஞ்சில் நாலு பேர் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார்: "தலையை ஆட்டாதீங்கண்ணே. கோல்னா வலது கண்ணை மூடுங்க, இல்லைன்னா இடது கண்ணை மூடுங்க."

புறம்போக்கு

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. படுத்திருந்தவனை எழுப்பி வயலுக்குக் கூட்டிப்போனார்கள். பதினைந்து பேர் நின்றார்கள். நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை டேப்போடு அழைத்து வந்திருந்தார்கள். போஸ்ட் நட்ட குழியிலிருந்து குழிக்கு அளந்து, கோடு உண்மையில் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். வாத்துக் கூட்டம் ஒன்று நாலு நாளாக அந்த வயலில் மேய்ந்திருந்தது. குழியும் இல்லை, சாம்பலும் இல்லை. இருந்தாலும் பெரியவர் வரப்பிலிருந்து அளந்தார், வாய்க்காலிலிருந்து அளந்தார், காகிதத்தில் கணக்குப் போட்டார்.

மச்சான் சத்தம் போட ஆரம்பித்தான். நான் காசு வாங்கிவிட்டேன் என்கிற வரைக்கும் போய்விட்டான். செல்வம் வந்து அவன் முன்னால் நின்றான். பார்த்தவன் சொன்னதை நம்பாமல், பார்க்காதவன் டேப் பிடித்து அளக்கிறானா என்று கேட்டான். அக்கா புருஷன் என்றும் பாராமல் மச்சான் அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். நான் வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெங்கே பார்ப்பது? பெரியவர் டேப்பைச் சுருட்டினார். "இந்தக் கோலுக்கு யார் பேர்லயும் பட்டா கொடுக்க முடியாதுப்பா. புறம்போக்குன்னு எழுதிட்டு வீட்டுக்குப் போங்க."

ஒரு கை மத்தி

கடலோரத்திலிருந்து டிவிஎஸ்ஸில் மீன் கொண்டுவருகிறவர் ஒருவர் உண்டு. ஜெயித்தது அவர் ஊர். அந்த மேட்ச்சுக்குப் பிறகு என் வாசலில் மட்டும் ஹாரன் இரண்டு தரம் அடிப்பார். நான் கேட்கிற அளவுக்கு மேல் ஒரு கை மத்தியை அள்ளிப் போடுவார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். ஒற்றை ஆளுக்கு அவ்வளவு மீன் எதற்கு? பாதியைப் பூனைதான் தின்றது. ஒரு நாள் பெட்டியை மூடிக்கொண்டே, தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "சொந்த ஊருக்கு எதிரா உண்மையச் சொன்ன ஆளு சார் நீங்க. எங்க கோயில் பூசையில உங்களுக்காக வேண்டிக்கிறோம்."

ஆறு மணி

அதற்குப் பிறகு என்னால் செல்வத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே உமிக் கிடங்குப் பக்கத்துச் சின்ன கேட் வழியாக வெளியேறிவிடுவேன். அவன் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. வாட்ச்மேன் மேசையில் ஒரு டம்ளர் டீயைத் தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் போவானாம். நாலைந்து நாள் கழித்து வாட்ச்மேன்தான் சொன்னார், ஆறிப்போன டீயைத் தினமும் தான் குடிப்பதாக. ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. மழை வந்தது. நடவு முடிந்து பயிர் எழும்பியது. நான் யாருடனும் பேசாமல் வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தேன். சில நாள் மில்லிலிருந்து நேரே வீட்டுக்குப் போகாமல் வெண்ணாற்றங்கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெயில் ஏறும் வரை நடப்பேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். சின்ன கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பெரிய கேட்டில் செல்வம் நின்றான். சட்டைப் பை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. என்னடா என்றேன். முதல் நாள் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ என் பெயரைச் சொல்லிக் காசு வாங்கினவன் என்றார்களாம், இவன் இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறான், கைகலப்பாகிவிட்டது. அவன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே டீ ஊற்றினான். டம்ளரை என்னால் வாங்க முடியவில்லை. "செல்வம், நான் பார்க்கலடா. பள்ளத்துல விழுந்துட்டேன். பந்துல சாம்பலப் பார்த்துட்டு அடிச்சேன்" என்றேன்.

களத்தில் நெல்லைப் பரப்ப ஆரம்பித்திருந்தார்கள். அவன் ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தான். இரண்டு டம்ளர் டீயையும் மண்ணில் ஊற்றினான், ஃப்ளாஸ்க்கை மூடினான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அன்னைக்கே பார்க்கலன்னு சொல்லியிருந்தா உன்ன ஒரு நாள் திட்டியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். இப்ப ஒம்பது மாசமா உனக்காக நான் திட்டு வாங்கியிருக்கேன்."

மறுபடியும் மாசி

இந்த வருஷமும் என்னைத்தான் விசில் அடிக்கக் கூப்பிட்டார்கள். காரணம் ரொம்பச் சுலபம்: திட்டு வாங்க வேறு ஆள் முன்வரவில்லை. கோட்டுக்கு அதே சாம்பல்தான், ஆனால் இடைவேளையில் பழையதைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் புதிதாகப் போட்டேன். செல்வம் ஆடவில்லை. வரப்பில், டிராக்டர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதல் சுற்று ஆட்டம், தோற்றால் வெளியே. கோல் இல்லாமல் ஆட்டம் முடியப்போகும் நேரம். எங்கள் ஊருக்குக் கார்னர் கிடைத்தது. கோல் வாயில் பத்துப் பன்னிரண்டு கால்கள், தூசி, கூச்சல். உள்ளேயிருந்து எதிர் டீம் கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். பந்தில் சாம்பல். "கோல்! கோல்!" என்று வரப்பு முழுக்க எழுந்து நின்றது. மச்சான் ஓடிவந்து பந்தை என் மூக்குக்கு நேரே பிடித்தான், "சாம்பலப் பாருய்யா! போன வருஷம் இதுக்குத்தானே குடுத்தே?" நான் விசிலை வாயிலிருந்து எடுத்தேன். எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன், "நான் பார்க்கல. பார்க்காத கோலை நான் குடுக்க முடியாது. போன வருஷமும் நான் பார்க்கல. அன்னைக்குக் குடுத்தது என் தப்பு."

பிறகு வந்தது பாருங்கள், இரண்டு வருஷத்துத் திட்டும் சேர்ந்து! செருப்பு ஒன்று பறந்து வந்தது. பார்க்காதவனுக்கு விசில் எதற்கு, கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், சாம்பலை அவன் தலையிலேயே கொட்டுங்கள் என்று ஆளாளுக்கு. அதற்கு நடுவே வரப்பிலிருந்து ஒரு குரல், எனக்கு நன்றாகத் தெரிந்த குரல், எழுந்துகூட நிற்காமல் சொன்னது: "விடுங்கடா அவன. விசில் புடிச்ச நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் ஒழுங்கா பார்த்திருக்கான்."

பெனால்டியில் எங்கள் ஊர் தோற்றது, அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்தது. செல்வம் இன்னும் டீக்கு வரவில்லை. ஒரு ஃப்ளாஸ்க் வாங்கியிருக்கிறேன், ஆறு மணிக்கு மில் கேட்டில் இரண்டு டம்ளரோடு நிற்கிறேன். ஆட்டத்தில் வீணான நேரத்துக்கு ஈடாக எவ்வளவு நேரம் கூட்டித் தருவது என்பதை ரெஃப்ரிதான் முடிவு செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது.